மேல் வீட்டில் யாரும் இல்லை

கையில் ஃபைலோடு ஒரு ஆள் நூம்பல் பஜனை கோயில் தெருவுக்குள் நுழைந்தால் போதும், அவன் இரண்டாவது வீட்டைத் தாண்டுவதற்குள் கடைசி வீடு வரைக்கும் சேதி போய்விடும். தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ராணியின் தொண்டை அப்படி. "ஃபைலு வர்துடியோவ்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அவ்வளவுதான். மாடிப்படிகளில் கிடக்கும் செருப்புகள் உள்ளே போகும். கொடியில் காயும் குடித்தனக்காரர்களின் துணி சுருட்டப்படும். வாசலில் நிற்கும் தண்ணீர் கேன்கள் மாயமாகும். அலறிக்கொண்டிருந்த டிவியெல்லாம் வாயை மூடிக்கொள்ளும்.

எல்லாம் வீட்டு வரிக்குப் பயந்துதான். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்ற காசில் ஆளாளுக்கு மாடி எழுப்பிவிட்டார்கள். பிளான் அப்ரூவலாவது மண்ணாங்கட்டியாவது! வரி கீழ் வீட்டுக்கு மட்டும்தான். பல் காலேஜ் பிள்ளைகளும் அம்பத்தூர் எஸ்டேட் ஆட்களும் மாடி மாடியாகக் குடியிருந்தாலும், ஃபைல்காரனிடம் சொல்வதற்குத் தெருவில் ஒரே பாடம்தான்: "வாடகைக்கு யாரும் இல்ல சார், நாங்கதான் கீறோம்." இதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பதில் செங்கல்வராயன் பெண்சாதி சுசீலாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவே பேசச் சொன்னால் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பவள், ஃபைல்காரனைக் கண்டால் மட்டும் அந்தப் போடு போடுவாள்.

சுசீலாவுக்கு இரண்டு கறவை மாடுகள். வீடு கட்டாமல் கிடக்கும் மனைகளில் மேயக் கட்டுவாள். விடியலில் கறந்து, தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் பால் ஊற்றிவிட்டு வந்து, சாணி அள்ளி, தவிடு கரைத்து வைத்தால்தான் அவள் வாயில் காபி படும். செங்கல்வராயன் குமணன்சாவடிக்கும் வேலப்பன்சாவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரே மகள் ரேகா கல்யாணமாகிப் பெங்களூர் போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. அந்தச் சமயத்தில்தான் மாடிக்கு நிரோஜினி வந்து சேர்ந்தாள்.

நிரோஜினி சிலோன்காரப் பெண். சாவகச்சேரிப் பக்கம். கத்தாரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்த தினகரனைப் பிடித்துப்போய், திருவேற்காட்டில் வைத்துத் தாலி கட்டிக்கொண்டாள். இப்போது தினகரன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். குழந்தை கார்த்திகாவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. அது மாடியில் தூங்கும், கீழே சாப்பிடும், மாட்டுக் கொட்டகையில் விளையாடும். சுசீலாவின் இடுப்பிலிருந்து அதை இறக்கினால் வீல் என்று கத்தும்.

நிரோ புட்டு அவித்து, சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு வைத்தால், முதல் கிண்ணம் கீழேதான் வரும். சுசீலா கருவாட்டுக் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மேலே போகும். "இன்னாடி இது, தேங்காப்பாலு ஊத்தி வெச்சிகீறே, சப்புனு கீது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே சொதியை வழித்து வழித்துச் சாப்பிடுவாள். தெருப் பாடத்தை நிரோவுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். "ராணி சவுண்டு வுட்டா செருப்ப எத்து உள்ள போட்டுக்கோ. கொயந்த வாய மூடு. கதவத் தொறக்காதே. நான் பாத்துக்கறேன்."

நிரோவுக்கு ஒரே ஒரு கவலைதான். இந்த நாட்டில் அவள் இருப்பதற்கு அனுமதி வேண்டும். புருஷன் இந்தியன், பிள்ளை இந்தியப் பிள்ளை, ஆனால் அவள் மட்டும் வெளிநாட்டுக்காரி. இருக்கிற விசா முடியப் போகிறது. நுங்கம்பாக்கம் ஆபீசுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. செங்கல்வராயனும் தினகரன் கெஞ்சியதற்காக முனகிக்கொண்டே வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான்.

"இனிப் பொலிஸ் வந்து பாப்பினமாம் அக்கா" என்றாள் நிரோ ஒருநாள், கொட்டகை வாசலில் உட்கார்ந்து அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டே. "நான் இந்த வீட்டிலதான் இருக்கிறன் எண்டு அவை எழுதிக் குடுக்கவேணுமாம். பிறகுதான் விசா."

"வரட்டும், இன்னா இப்போ? தங்கமான பொண்ணுன்னு நான் சொல்றேன்."

"நீங்கள் சொன்னாக் காணும் அக்கா."

காணும் என்றால் அவர்கள் ஊரில் போதும் என்று அர்த்தம். இது சுசீலாவுக்குப் புரியவே பல மாதம் ஆனது. அன்றைக்குப் புரிந்தது, பெருமையாகவும் இருந்தது. போலீஸ்காரருக்குக் கொடுக்க என்று நிரோ நல்ல க்ரீம் பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். கார்த்திகா அதைக் காட்டிக் காட்டி அழுதாலும் பிரிக்கவில்லை. காக்கிச் சட்டை எப்போது வரும் என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காலி மனைகள் எல்லாம் குளமாகிவிட்டன. மாடுகளைக் கட்ட இடமில்லாமல் சுசீலா கொட்டகைக்குள் ஈர வைக்கோலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் பக்கத்துத் தெருவில் வரிக்காரர்கள் வீடு வீடாக அளந்துகொண்டிருப்பதாகப் பேச்சு. தெருவே காதைத் தீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ராணியின் குரல் வந்தது.

"ஃபைலு வர்துடியோவ்!"

"நிரோ! ஃபைலு!" என்று சுசீலா மாடியைப் பார்த்துக் கத்தினாள். படியில் கிடந்த செருப்புகள் சட்டென்று காணாமல் போயின. கதவு சாத்திக்கொண்டது.

வந்தவர் சாதாரணச் சட்டை, மேலே மழைக்கோட்டு. முட்டியளவு தண்ணீரில் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஃபைலை அக்குளில் இடுக்கியிருந்தார். அவர் கேட்டைத் தொட்டு வாயைத் திறப்பதற்குள் சுசீலா ஆரம்பித்துவிட்டாள்.

"வாடகைக்கு யாரும் இல்ல சார். நானும் எங்க ஊட்டுக்காரரும்தான் கீறோம். மேல சும்மா பூட்டித்தான் கீது, மாட்டுக்கு வைக்கோலு போட்டு வெச்சிகீறேன்."

அவர் மழைத் தண்ணீரை முகத்திலிருந்து வழித்துக்கொண்டார். "அது கெடக்கட்டும்மா. நிரோஜினின்னு ஒரு பொண்ணு இந்த அட்ரஸ்ல, மாடியில இருக்காங்களா?"

 வரிக்காரனுக்கு எதற்கு நிரோ பேர்? அந்தக் கேள்வி சுசீலாவுக்கு வந்தது, வராமல் இல்லை. ஆனால் பூட்டிக் கிடக்கிறது, வைக்கோல் கிடக்கிறது என்று இப்போதுதான் அடித்துவிட்டிருக்கிறாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு இருக்கிறாள் என்று சொல்வது?

"அப்டி யாரும் இல்ல சார்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"யோசிக்க இன்னா கீது? எங்க ஊட்ல யாரு கீறாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். செருப்பில்லை, துணியில்லை, சத்தமில்லை. ஏதோ எழுதிக்கொண்டு தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து போய்விட்டார். அடுத்த வீட்டுக்கு அவர் போகவில்லை. சுசீலா அதையும் பார்த்தாள்.

சாயங்காலம் செங்கல்வராயனிடம் முதல் பாதியை மட்டும் சொன்னாள். "சபாஷ்டி" என்று அவன் சிரித்தான். பேர் சொல்லிக் கேட்டதை அவள் சொல்லவில்லை. நிரோவிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன, மறுநாளே தினகரன் ஸ்டேஷனுக்கு ஓடி விசாரித்திருப்பான். இது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஒருவேளை வரிக்காரனாகவே இருந்துவிட்டால், வீணாக எதற்கு வாயைக் கொடுப்பானேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நிரோ அனுப்பும் புட்டை மட்டும் பாதியிலேயே மூடி வைத்தாள்.

"இன்னும் ஒருத்தரும் வரேல்லை அக்கா" என்பாள் நிரோ தினமும், தூக்கு வாளியில் பால் வாங்கும்போது.

"மழை இல்ல? வுட்டதும் வருவாங்க" என்பாள் சுசீலா, மாட்டின் மடியைப் பார்த்துக்கொண்டே.

மழை விட்டது. ஒரு மத்தியானம், தினகரன் வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததுமே சுசீலா, கீழே உட்கார்ந்திருந்த நிரோவின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். 

"அக்கா, மெசேஜ் வந்திருக்குக்கா" என்றான் தினகரன். "சொன்ன அட்ரஸ்ல அப்படி ஆளே இல்லன்னு ஸ்டேஷன்ல இருந்து ரிப்போர்ட் போயிருக்காம். அதனால அப்ளிகேஷன முடிச்சிட்டாங்க. விசா முடியறதுக்குள்ள இவ ஊருக்குக் கெளம்பணுமாம்."

"ஆளில்லையோ?" என்றாள் நிரோ. "நான் எங்க போனனான்? கடைக்குக்கூடப் போகேல்லையே! ஒவ்வொரு நாளும் வாசலைப் பாத்துக்கொண்டெல்லோ இருந்தனான். அக்கா, நீங்களே சொல்லுங்கோ, ஆரும் வந்தவையோ?"

சுசீலா வாயைத் திறந்தாள். கார்த்திகா அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. "தெரியலியேம்மா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பின்னால் எவ்வளவு அழுதாள் என்பது மாடுகளுக்குத்தான் தெரியும்.

"இவ போனா திரும்ப விசா வாங்கி வர எத்தனை மாசமோ, வருஷமோ" என்று தினகரன் படியில் உட்கார்ந்துவிட்டான். "பாப்பாவ யார் கிட்ட விட்டுட்டு நான் வேலைக்குப் போவேன்? அனுப்பினா அங்க இவ எப்படி சமாளிப்பா?"

"என்ரை பிள்ளையை விட்டிட்டுப் போகமாட்டன்" என்றாள் நிரோ. அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த செங்கல்வராயனிடம் சுசீலா போய் நின்றாள்.

"யோவ், அன்னிக்கு வந்தது வரிக்காரன் இல்லய்யா. போலீசு."

அவன் துணியைப் பிழிந்தான். "எனக்கும் அப்டித்தான் தோணிச்சு."

"நான் போய் சொல்லிடப் போறேன்."

"இன்னான்னு? மாடியில ஆள வெச்சிகினு இல்லன்னு பொய் சொன்னேன்னா? வரி மட்டும் போட்டா பரவால்ல. அப்ரூவல் எங்கடான்னு கேப்பான். வெளிநாட்டுக்காரிய வெச்சிகினு ஏன் தெரியப்படுத்தலன்னு கேசு போடுவான். நம்ம மாடிய அளந்துட்டு சும்மா போவானா? அடுத்த ஊட்டு மாடிக்குப் போவான். தெருவே நம்ம மூஞ்சில காறித் துப்பும், சொல்லிட்டேன்."

"அந்தக் கொயந்த இன்னாய்யா பண்ணுச்சு?"

"எனக்கு மட்டும் கல்லு நெஞ்சாடி? அதுக்குன்னு நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்க முடியுமா? அந்த நேரம் அது கடைக்குப் போயிருந்துச்சுன்னு தினகரன சொல்லச் சொல்லு. கம்முனு கெட. மறுபடி எழுதிப் போடட்டும்."

"மறுபடி வந்தா மறுபடி இல்லன்னு சொல்றதா?"

 செங்கல்வராயன் ஆட்டோவின் கண்ணாடியையே தேய்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் சுசீலா பால் வாளியைத் தானே எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. நிரோ குழந்தையின் சட்டைகளைத் தனியாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"நிரோ, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்மா." உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றுகொண்டே சொன்னாள். "மழையில ஒரு ஆளு ஃபைலோட வந்தாரே, அவருதான் போலீசு. வரிக்காரன்னு நெனச்சிட்டேன். மேல யாரும் இல்லன்னுட்டேன். பாவி, என் வாயாலதான் உனக்கு இப்டி ஆச்சு."

நிரோ மடித்த சட்டையைக் கையில் வைத்தபடியே பார்த்தாள். "அண்டைக்கோ? நீங்கள் கூப்பிட்டுச் சொன்னியளே, அண்டைக்கோ?"

"ஆமா."

"நான் இந்தக் கதவுக்குப் பின்னாலதான் நிண்டனான் அக்கா. பிள்ளை இருமினவள். வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான்." அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, குரல் மட்டும் ஏறவில்லை. "அந்த மனுசனுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தனான். அவர் வர, நானே ஒளிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன்."

சுசீலா தலையில் அடித்துக்கொண்டாள். நிரோ எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். "விடுங்கோ அக்கா. வரிக்காரன் எண்டுதானே நினைச்சியள். தெரிஞ்சு செய்வியளே?"

அவர் பேர் சொல்லிக் கேட்டதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிடித்த கை விட்டுவிடுமே என்று சொல்லவில்லை. "ஸ்டேஷனுக்கு வா. நான் வந்து சொல்றேன். இன்னா கேசு வேணா போட்டுக்கட்டும்" என்றாள்.

தன் புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நிரோவோடும் தினகரனோடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஸ்டேஷனில் பழைய சைக்கிள்களும் மோட்டார் பைக்குகளும் துருப்பிடித்து நின்ற வாசலைத் தாண்டி உள்ளே போனால், அதே மழைக்கோட்டுக்காரர், இன்றைக்குக் காக்கியில். சுசீலாவைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"சார், நான்தான் பொய் சொன்னேன். இந்தப் பொண்ணு எங்க மாடியிலதான் கீது. நீங்க வரிக்காரருன்னு நெனச்சி இல்லன்னுட்டேன். அதும்மேல ஒரு தப்பும் இல்ல சார். இன்னா வேணா என்னப் பண்ணுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

"வரிக்காரருன்னு நெனச்சீங்க, சரி. ஆனா நான் இவங்க பேரச் சொல்லித்தானேம்மா கேட்டேன்? நல்லா யோசிச்சு சொல்லுங்கன்னு ரெண்டாவது தடவையும் கேட்டேனே? வரி கேக்க வர்றவன் நிரோஜினி இருக்காங்களான்னா கேப்பான்? இவங்க வீட்டுக்காரருக்கும் போன் போட்டேன், எடுக்கல."

"கம்பெனியில போன உள்ள கொண்டுபோக விடமாட்டாங்க சார்" என்றான் தினகரன். அவன் குரல் சுசீலாவின் காதில் விழவில்லை. நிரோ தன் பக்கம் திரும்புவது மட்டும் தெரிந்தது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

அவர் சுசீலா சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார். "மேல சொல்லிப் பாக்கறேன். மறுபடி அப்ளிகேஷன் போடுங்க, விசா தேதிக்குள்ள போடுங்க. திரும்ப நான்தான் வருவேன்" என்றார். சுசீலாவைப் பார்த்து, "மாடிக்கு வரி கட்டுங்கம்மா. அது என் வேலை இல்ல. ஆனா கட்டுங்க" என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் குழந்தை நடுவில் உட்கார்ந்திருந்தது. வேலப்பன்சாவடி சிக்னலில் வண்டி நின்றதும் நிரோ கேட்டாள்.

"பேர் சொல்லிக் கேட்டவரோ?"

"ஆமாம்மா."

"தெரிஞ்சும் எனக்குச் சொல்லேல்லை."

"பயந்துட்டேன் நிரோ. அடிச்சி வுட்டதுக்கப்புறம் எப்டி மாத்திப் பேசறதுன்னு..."

நிரோ குழந்தையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அக்கா என்று அவள் கூப்பிடவில்லை. சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. பால் வாங்கினாள், வாடகையை மாதம் பிறந்ததும் தினகரனிடம் கொடுத்தனுப்பினாள். புட்டுக் கிண்ணம் வரவில்லை. கார்த்திகா படியில் பாதி இறங்கி நின்று, பெரியம்மா என்று சொல்ல வராமல் "பெம்மா" என்று கூப்பிட்டால், "மேல வாங்கோ பிள்ளை" என்று குரல் வரும். சுசீலா சாணிக் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். திட்டித் தொலைத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். செங்கல்வராயன் வேறு, சோற்றைப் போட்டால் சாப்பிட்டுவிட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். வீட்டில் பேசுவதற்கு அவளுக்கு மாடுகள்தான் மிச்சம்.

கார்த்திகை பிறந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், சுசீலா வறட்டி தட்டிக்கொண்டிருந்தபோது, தெருமுனையிலிருந்து குரல் வந்தது.

"ஃபைலு வர்துடியோவ்!"

பழக்கம் இருக்கிறதே, அதைச் சொல்லி என்ன பயன்? படியிலிருந்த செருப்புகள் உள்ளே போயின. நிரோவின் கைதான். அவளுக்கே தெரியாமல் எடுத்திருப்பாள். கொடியிலிருந்த குழந்தையின் கவுனும் போயிற்று.

சுசீலா கையைக்கூடக் கழுவாமல் மாடிக்கு ஓடினாள். கதவைத் தட்டினாள். நிரோ திறந்தாள். செருப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அவருதாம்மா. எங்கிட்ட குடு."

நிரோ கொடுத்தாள். சுசீலா அவளுடையதை, தினகரனுடையதை, குழந்தையின் பீப்பி செருப்பை எல்லாம் வாங்கி, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி கீழ்ப்படியில் வரிசையாக வைத்தாள். அவற்றில் சாணி ஒட்டிக்கொண்டது. முந்தானையால் துடைத்தாள்.

அவர் வந்து, செருப்புகளைத் தாண்டி மேலே ஏறினார். சுசீலாவும் பின்னால் போய் நிலைப்படியில் நின்றாள். தினகரன் நாற்காலி எடுத்துப் போட்டான். நிரோ அலமாரியிலிருந்து அந்தப் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்துத் தட்டில் வைத்தாள். கார்த்திகா இரண்டு கையாலும் வாரிக்கொண்டது.

"இவங்க யாரு?" என்று அவர் முறைக்காகச் சுசீலாவைக் காட்டி நிரோவைக் கேட்டார்.

"ஹவுஸ் ஓனர்" என்றாள் நிரோ.

சரிதானே. அதில் என்ன தப்பு? அதுதான் உண்மை. 

"நீங்க சொல்லுங்கம்மா. இவங்க இங்க எப்படி இருக்காங்க? சொந்தமா, வாடகையா?"

எத்தனை ஃபைல்காரர்களிடம் மேலே யாருமே இல்லை என்று அளந்திருப்பாள்! இன்றைக்கு ஒருத்தியைச் சொந்தம் என்று சொல்ல அவள் நாக்கு துடித்தது. சொல்லக் கூடாது. சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

"வாடகைக்குத்தான் சார் கீறாங்க. மூணு வருசமா."

அவர் எழுதிக்கொண்டார். நிரோ தலையைக் குனிந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு டம்ளர்கள்தான் இருந்தன, ஒன்று அவருக்கு, ஒன்று தினகரனுக்கு. சுசீலா மெதுவாகப் படியிறங்கி வந்து, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எதிர் மாடிகளில் கதவுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. ராணி கரண்டியும் கையுமாகக் கடையை விட்டு நாலடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சுசீலா, ஃபைலு போயிட்டாரா?" குசுகுசுவென்றுதான் கேட்டாள். தெரு முழுக்கக் கேட்டது.

சுசீலா எழுந்து நின்றாள். பல வருஷமாக மாடியைப் பார்த்து மட்டும் கத்திப் பழகிய தொண்டையைத் தெருவைப் பார்த்துத் திறந்தாள்.

"இல்ல ராணி! எங்க ஊட்லதான் கீறாரு. மேல, குடித்தனக்காரங்க ஊட்ல டீ குடிச்சிகினு கீறாரு!"